இதர

பகலில் நான் பிறர் பொன்னை நிறுப்பவள்.
உள்துறைமுக வீதி வங்கியில், அடகுப் பிரிவில்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஓர் உரைகல், அமிலக் குப்பி,
மூச்சு விட்டாலும் அசைகிற தராசு.

இரவில் எண்பது பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி.
முதல் பக்கத்தில் சிவப்பால் எழுதியிருக்கிறேன்:
கார்த்திகைக்குள் சங்கிலியை மீட்பது.
அது மூன்று தெரு தள்ளி
வேறொரு வங்கியின் பெட்டியில் இருக்கிறது.
வேலை செய்யும் இடத்தில் வைக்க
வெட்கமாயிருந்தது.
போன மாரிக்கு முன்னால்
கூரைத் தகரமாக மாறியது அது.
மழை தகரத்தில் விழும்போதெல்லாம்
கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஒன்றாம் திகதி நான் பணக்காரி.
வாடகை, சீட்டு, காஸ், கரண்ட்,
நிரோஷிகாவின் ரியூஷன்.
எழுதி முடிக்கையில்
பாலையூற்றுக் கடைசி பஸ் திரும்புகிற சத்தம்.
மிச்சம் பதினோராயிரத்து நானூறு.
முப்பதால் பிரித்தேன்.
நாளுக்கு முந்நூற்று எண்பது ரூபாய் மனுஷி.

பத்தாம் திகதிவரை மனுஷி ஒழுங்கு.
ஜெறோம் மீன் பெட்டியோடு பெல் அடித்தால்
பாரைக்குக் கண்ணை மூடி
சூடைக்குத் திறந்தேன்.
அனுராதபுரச் சந்தியிலிருந்து ஓட்டோ பிடிக்கவில்லை,
நடந்தேன்.
நடந்ததில் செருப்பு அறுந்தது.
ஓட்டோவில் மிச்சம் பிடித்தது ஆயிரத்து எண்ணூறு.
செருப்பு இரண்டாயிரத்து நூறு.
இதை எந்த நிரலில் போடுவது?

'இதர' என்றொரு நிரல் கீறினேன்.
அன்றிலிருந்து வீட்டில் ஓர் ஆள் கூடிவிட்டது.
நன்றாகச் சாப்பிடுகிற ஆள்.

இதர: செத்தவீடு, ஆயிரம்.
இதர: பஸ் நிலையத்தில் மானொன்று
வடைப் பையைக் கவ்விக்கொண்டு போனது,
இருநூற்று நாற்பது.
(மானிடம் ரசீது கேட்கமுடியாது.)
இதர: மழை, முந்நூறு.
மழைக்கு என்ன செலவு?
என் கையெழுத்துத்தான்.
ஞாபகம் இல்லை.

இருபத்திநாலாம் திகதி சுஹைரா வந்தாள்.
மாதா மாதம் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருபவள்.
வட்டி மட்டும் கட்டுவாள்.
போகும்போது கண்ணாடிக்குள் குனிந்து
"காப்பு இருக்குத்தானே?" என்பாள்.
"இருக்கு" என்பேன்.
எடுத்துக் காட்ட அனுமதி இல்லை.

அன்றைக்கு வட்டிக்கே நூற்று அறுபது குறைந்தது.
கைப்பையைக் கவிழ்த்தாள்.
சில்லறை, பனடோல் அட்டை, ஒரு சாவி,
பிறகு ஒரு சின்னக் கொப்பி,
திறந்தபடி.
பார்க்கக்கூடாது. பார்த்தேன்.
அரிசி, மா, பிள்ளையின் சப்பாத்து.
கோடுகள் என்னுடையதைவிட நேர்.
கடைசி நிரலுக்கு அவள் வைத்த பெயர்
'தெரியாது'.

நூற்று அறுபதை நான் போட்டேன்.
வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.
சுஹைரா நன்றி சொல்லவில்லை,
கொப்பியில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்,
கடன் என்ற நிரலில்.

நாலு மணிக்கு வெளியே வந்து
வீட்டுப் பக்கம் திரும்பாமல்
மூன்று தெரு நடந்தேன்.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொடியன்,
தராசைத் துணியால் மூடிக்கொண்டிருந்தான்.
ரசீதை நீட்டி
"இருக்குத்தானே?" என்றேன்.
"இருக்கு" என்றான், நிமிராமல்.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

இரவு கொப்பியை விரித்து
நூற்று அறுபதை எழுதப் போனேன்.
இதரவா, கடனா?
பேனையை வாயில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்தேன்.
மழை இல்லை.

பிறகு முதல் பக்கத்துக்குப் போய்
கார்த்திகையை வெட்டி
தை என்று போட்டேன்.
ஓரெழுத்து.
இடமாவது மிச்சம்.