எழுபத்தைந்தாம் இரவு

டிசம்பர் முப்பது. இன்னும் ஓர் இரவு குறைகிறது.
எழுபத்து நான்கு தூங்கியாயிற்று:
ஹாலேயில் நெடுஞ்சாலை ஓரம், உல்மில் தொழிற்பேட்டைக்குள்,
ஜன்னலைத் திறந்தால்
லாரிகள் முகத்தில் மூச்சுவிடும் அறைகளில்.
இன்னொன்று சேர்ந்தால் பிளாட்டினம் நிலைக்கும்.
சேராவிட்டால் தங்கம்.
தங்கம் என்றால் இறக்கம் என்பதை
நகைக்கடைத் தெருவில் வளர்ந்தவளுக்கு
யார் புரியவைப்பது?

அதனால்தான் ஹம்பர்க்.
கூட்டம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை,
சோதித்துப் பார்க்க ஒரு வால்வுகூட இல்லை.
என் வீடு ஹானோவரில், ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்.
"ஒரு ராத்திரி ஒறங்கதுக்கா டிக்கெட் எடுத்துட்டுப் போற?"
என்றான் சுயம்பு, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
விசுவாசம் என்றால் சும்மாவா?
வீட்டில் தூங்காத இரவுகளை எண்ணித்தான்
என்னை விசுவாசி என்கிறார்கள்.

ஏரியைப் பார்த்த ஓட்டல்.
நூற்று முப்பது வயது.
போரில் தப்பிய இடப்பக்கம்,
பிறகு ஒட்டவைத்த வலப்பக்கம்.
பித்தளைக் கூண்டு லிப்டுக்குள் சிவப்பு மெத்தை வைத்த பெஞ்சு.
நான்கு மாடிக்கு யார் உட்காருவார்கள்?
நான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன், வரவேற்பில்,
விப்கே ஹார்ம்ஸ் என்று சட்டையில் பெயர் குத்தியவள் சொன்னாள்:
"மீண்டும் உங்களைக் காண்பதில் மகிழ்ச்சி, திருமதி கோலப்பன்."
இதுதான் முதல் முறை.
தவிர, கோலப்பன் என் அப்பா.
பாஸ்போர்ட்டில் என் பின்னால் ஏறிக்கொண்டவர்.
மருந்துக் கம்பெனிப் பையோடு
சாத்தூரிலும் தென்காசியிலும் லாட்ஜ் லாட்ஜாக,
மூட்டைப்பூச்சிக்கு முன்பே பேரேட்டைச் சந்தித்தவர்:
எங்கிருந்து வருகை, எங்கே செல்கை, வந்த நோக்கம்.
அவரை யாரும் மீண்டும் வருக என்றதில்லை.
இப்போது ஐந்து நாடுகளில் சொல்கிறார்கள்.

அறையை உயர்த்தியிருந்தார்கள்.
இரண்டு கைகழுவும் தொட்டி, இரண்டு வெள்ளை அங்கி,
இரண்டு ஜோடி செருப்பு.
ஒன்றை நான் போட்டுக்கொள்ள
மற்றது கட்டிலடியில் யாருக்கோ காத்திருந்தது.
தட்டில் மூன்று பேரிக்காய்.
கால் முளைத்த குளியல்தொட்டியில் கழுத்துவரை கிடந்து
எழுபத்தைந்து என்று ஒருமுறை சத்தமாகச் சொன்னேன்.
பளிங்கு திருப்பிச் சொன்னது.

போன் மினுங்கியது.
"ரெசம் வச்சேன். ரெண்டு பேருக்கு ஆயிட்டு."

விதிமுறைகளை வாசித்தேன், பொடி எழுத்துகளையும்.
அழுத்தம் தாங்குமா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு.
பதிவு செய்ய வேண்டும், சாவி வாங்க வேண்டும்,
பணம் கட்ட வேண்டும்.
தூங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

ஐந்து பேர் குறுக்கே படுக்கக்கூடிய மெத்தையில்
இப்படியும் அப்படியும் உருண்டேன்.
ஒரு தலையணையில் முகத்தை அழுத்திக் குழி செய்தேன்.
அறை சுத்தம் செய்ய வருகிறவர் மனம் நோகக்கூடாது;
ஐந்து யூரோவும் வைத்தேன்.
பேரிக்காய்களைப் பையில் போட்டேன்.
இந்த முறை படிக்கட்டு.

"அறையில் ஏதாவது குறையா?"
"குறையே இல்லை" என்றேன்.
விப்கே என் பையைப் பார்த்தாள், ஈரத் தலையைப் பார்த்தாள்,
பிறகு கடிகாரத்தை.
"பத்து நாற்பதுக்கு ஒரு ரயில். நடந்தால் ஒன்பது நிமிடம்."
குரலைத் தாழ்த்தினாள்:
"சாவியை நான் காலையில்தான் கணக்கில் வைப்பேன்."

நள்ளிரவு தாண்டி வீடு.
கட்டிலில் மூலைக்கு மூலை சுயம்பு.
"தள்ளிப் படு."
கண் திறக்காமல் ஒரு சாண் நகர்ந்தான்.
ரசம் ஆறியிருந்தது, நின்றபடியே குடித்தேன்.

காலை ஏழுக்கு அஞ்சல்:
அன்புள்ள திருமதி கோலப்பன்,
நேற்றிரவு எப்படி உறங்கினீர்கள்?
பூஜ்யம் முதல் பத்துக்குள்.

பத்தை அழுத்தினேன்.
வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றது.
பக்கத்தில் சுயம்பு
பேரிக்காயின் அடிபட்ட பக்கத்தை
கத்தியால் நீக்கிக்கொண்டிருந்தான்.