இல்லாத ஃபியூஸ்

எல் ஆல்ட்டோவில் ஜூலை.
வீட்டுக்குள்ளேயே மூச்சு புகைகிறது.

"சிவப்பு விளக்குகூட எரியலை" என்கிறார் காசிமிரோ.
ப்ளக்கை மாற்றிச் செருகியாயிற்று,
மண்டையில் நாலு தட்டும் தட்டியாயிற்று.
எல்லா வீட்டிலும் முதல் வைத்தியம் அதுதான்.

பதினான்கு திருகுகள்.
பின்மூடிக்குள் தூசி, ஒரு சோளப்பொரி.
கப்பாசிட்டர் ஒன்றும் உப்பவில்லை.
மீட்டரின் முனையை வைத்தால்
மின்சாரம் பலகையின் வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமல் நிற்கிறது.

ஃபியூஸ் எரியவில்லை.
ஃபியூஸே இல்லை.
கருகல் வாசம் கிடையாது.
கிளிப்பின் ஓரத்தில் மட்டும்
ஊதா நகப்பூச்சு, ஒரு துணுக்கு.

நிமிர்கிறேன்.
அடுப்பருகே எயுசேபியா
கம்பளிக் கையுறையோடு
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன கோளாறு, இலாரியா?"

இரண்டு வாரமாக இந்த வீடு
இரவுகளில் என்ன பேசிக்கொண்டது?
எனக்கென்ன தெரியும்.
பையில் அதே ஃபியூஸ் எட்டு கிடக்கிறது.

"பாகம் கீழே லா பாஸில்தான் கிடைக்கும்.
சனிக்கிழமை ஆகும்."

திருகுகளை எண்ணி மூடுகிறேன். பதின்மூன்று.
ஒன்று எங்கோ உருண்டுவிட்டது.

கதவுவரை வந்த எயுசேபியா
துணியில் கட்டிய சுடுகிழங்கை நீட்டி
மெல்லக் கேட்கிறாள்:
"எந்தச் சனிக்கிழமை?"