ஐந்துக்கு மூன்று

ஸ்கோர் எழுதுகிறவனுக்கு ஓட்டு கிடையாது,
எங்கள் கைப்பந்து லீக் சட்டத்தில் அப்படித்தான்.
எட்டு அணி, எட்டு கேப்டன்.
அவர்கள் கை தூக்குவார்கள், நான் எண்ணுவேன்.

அன்று எண்ணியது ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்குப் பின்னால்
வலை சுருட்டிவைக்கும் ஷெட்டில்.
தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.
கொளகூர் கேப்டன் வெள்ளையன்
பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில்
பேரைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.
இல்லை.
புது விதியாம். கதவெண் வேண்டும்,
அல்லது அப்பன் எந்த ஊரில் எந்த வருஷம்
ஓட்டுப் போட்டான் என்பதற்குக் காகிதம்.
"லயன் வீட்டுக்கு ஏதுப்பா கதவெண்?
கதவே போன மழைக்கப்புறந்தான் வச்சோம்."
சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

பிறகு எண்ண ஆரம்பித்தோம்.
லூர்து இல்லை. அவன் தங்கச்சி இல்லை.
நாகலூர் அணியில் ஆறு பேரில் நாலு பேர் இல்லை.
என் நோட்டில் எல்லோரும் இருந்தார்கள்,
பனியன் எண்ணோடு,
யார் எத்தனை சர்வீஸை வலையில் அடித்தான் என்பது வரை.

ஃபைனல் கீழே, சேலத்தில்.
அந்த விதியை மேடை போட்டுப் புகழ்ந்தவரே
கோப்பை கொடுக்க வருகிறார்.
வெள்ளிக் கோப்பை, செவ்வாய்ப்பேட்டை தனபாலன் உபயம்.

"மேலேயே ஆடுவோம்" என்றான் ஞானப்பிரகாசம்,
"அவரு வேணும்னா இருபது வளைவும் ஏறி வரட்டும்."
அம்மாபேட்டை பரணீதரன் எழுந்தான்:
"பந்துக்கு என்னப்பா அரசியல்?"
வெள்ளையன் பதில் சொல்லவில்லை.
பிளாஸ்திரி சுற்றிய இடது ஆட்காட்டி விரலைத்
தடவிக்கொண்டிருந்தான்.

கைகள். ஐந்து. எதிர்த்து மூன்று.
பென்சில் பிடித்த என் கை
மேசைக்கடியில் ஒரு சாண் உயர்ந்தது.
தெரிந்தால் இருநூறு ரூபாய் அபராதம்.

தனபாலன் போனில் சொன்னார்,
கோப்பையைக் கொலுசுக்கு உருக்கிவிடுவாராம்.
டிவியில் 'போர்க்கொடி' என்றார்கள்.
நாங்கள் வாங்கியது
பிரஷர் குக்கர் ஒன்று, பரிசுக்கு.

மைதானத்துக்காரரிடம் சொல்ல நான்தான் இறங்கினேன்.
கேட்டுக்கு வெளியே அம்சவேணி.
ஃபைனலுக்கென்று ரெண்டாயிரம் தட்டு சுட்டு
டின்னில் அடைத்திருந்தாள்.
பீட்ரூட் துருவ ஆள் வேறு வைத்திருந்தாள்.
"மேலயா ஆடறீங்க?"
"ஆமாக்கா. இந்த ஓட்டு விஷயமா..."
"எம்பேருந்தான் இல்ல. வாடகை வீடு, மூணு தடவ மாத்தியாச்சு.
எனக்கும் சேத்துத்தான் ஆடறீங்களா?"
"ஆமாக்கா."
"அப்ப இந்தத் தட்டை?"

நோட்டைத் திறந்து பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
ஐந்து, மூன்று.
அவளுக்குக் கட்டம் போடவில்லை.
ஒரு செட் கொடுத்தாள், பூண்டுக்காரம் தூக்கலாக.
இருபது ரூபாய் நீட்டினேன். வேண்டாமென்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கோடு தெரியாத மூடுபனி.
அஞ்சாவது செட்டில் பந்து உள்ளேயா வெளியேயா என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
பெரிய மனிதர் வரவில்லை.
பரணீதரன் வந்தான், ஆடினான்,
யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்தான்.

மூணாம் செட்டுக்கு நடுவில்
பஸ் கூரையிலிருந்து நாலு டின் இறங்கியது.
வளைவுக்கு வளைவு உடைந்து
பாதிக்குமேல் தூள்.
அதையே வெங்காயம் போட்டுக் கலந்து
நொறுக்கல் என்று விற்றாள், பாதி விலைக்கு.
கூட்டம் தின்றது. குளிர்.

கடைசியில் டின்னைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு
என்னிடம் வந்தாள்.
"பஸ்சு கூலி போக எழுநூறு நட்டம்.
எழுதிக்க."

குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்.
நடுவர் கையெழுத்துக்கு மேல்.