நூற்று நான்கு கிலோ

இந்தத் தராசு கொப்பரைக்காக வந்தது.
கப்பல் அரிதான பிறகு
கூட்டுறவுக் கிடங்கிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து
ஓடுதளத்தோரம் நிறுத்தினோம்.
இப்போது மனிதரை நிறுக்கிறது.
துருவேறி இரண்டு கிலோ கூட்டிச் சொல்லும்.
தீவில் எல்லாருக்கும் தெரியும்,
விமானிக்கு மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை விமானம்,
காற்று இடம் கொடுத்தால்,
தராவாவில் சக்கரம் சரியாக இருந்தால்,
போன மழை ஓடுதளத்துப் பவளப்பொடியை
அரித்துக்கொண்டு போகாமல் இருந்தால்.
இத்தனை ஆல்களையும் தாண்டி
அதன் இரைச்சல் கேட்கும்போது
பள்ளிக்கூடம் தானாகவே விட்டுவிடும்.

நான்தான் விமான நிலையம்.
பெயர் தெபொராங்கா.
பயணச்சீட்டு எழுதுவது,
பன்றிகளை விரட்டுவது,
தீயணைக்கும் வாளியில் தண்ணீர் நிரப்புவது,
வராத நாட்களில்
வராது என்று சொல்வது.

லின்ட்க்விஸ்ட் என்றொரு ஆய்வாளர்
போன ஆனியில் வந்திறங்கினார்.
இந்தத் தடத்துக்கு அரசு தரும் மானியம்
தகுமா தகாதா என்று பார்க்க.
நல்ல மனிதர். இளநீரை மறுக்கவில்லை.
சுற்றுலாப் பயணிகள் வருவார்களா என்றார்.
நீங்கள்தான், என்றேன்.
பிறகு யார்தான் பறக்கிறார்கள்?
பல்வலி பறக்கும்.
பரீட்சைத் தாள் பறக்கும்.
எட்டாம் மாதத்தில் கால் வீங்கிய வயிற்றுப்பிள்ளைக்காரி
தராசில் ஏற வெட்கப்பட்டு
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பறப்பாள்.
அவர் எழுதிக்கொண்டார்:
பயணிகள், சராசரியாக ஆறு.

அந்த வியாழனில்
புவெனாவா நான்கு பெட்டி சிங்கி இறால் கொண்டுவந்தான்.
மூன்று இரவு, ஒரே டார்ச்,
பாறையிடுக்கில் கைவிட்டு எடுத்தவை.
ஈரத் தேங்காய்நாரில் புதைத்து
மூடியில் காற்றுக்குத் துளையிட்டிருந்தான்.
பெட்டிக்கு இருபத்தாறு கிலோ.
உயிரோடு போய்ச் சேர்ந்தால் ஓட்டல்காரன் பணம் தருவான்,
செத்துப் போனால் அது வெறும் கறி.
மகளின் விடுதிக் கட்டணம் இரண்டு பெட்டி,
கூரைத் தகடு ஒன்றரை,
மீதி அரைப் பெட்டி
அவனே இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆய்வாளர் தராசில் ஏறினார்.
பையோடு, மடிக்கணினியோடு,
நாங்கள் பின்னிக் கொடுத்த பாயோடு
நூற்று நான்கு.

விமானி என் காகிதத்தைப் பார்த்தார்.
இறக்கைகளைப் பார்த்தார்.
ஈரமான ஓடுதளம் முடிந்து
கடல் தொடங்கும் இடத்தைப் பார்த்தார்.
நூற்று நான்கு இறங்கணும், என்றார்.

மனிதரை இறக்க முடியாது.
அரசு விருந்தாளி வேறு.

புவெனாவா சத்தம் போடவில்லை.
ஒவ்வொரு பெட்டியாகத் தானே இறக்கினான்,
தூங்கும் பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றுவதுபோல.
லின்ட்க்விஸ்ட் ஜன்னல் வழியே கையசைத்தார்.
பெட்டிகளைப் பார்த்திருப்பார்,
வந்திறங்கிய சரக்கு என்று நினைத்திருப்பார்.

அன்றிரவு தீவு முழுக்க சிங்கி இறால்.
உலகத்துப் பெரிய ஓட்டல்களில்
மெழுகுவத்தி ஏற்றித் தின்பார்களாமே,
அதை நாங்கள் விரலை நக்கித் தின்றோம்.
கூரை ஒழுகும் வீடுகளில்
அவ்வளவு பணக்காரச் சாப்பாடு
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
புவெனாவா மட்டும்
சோறும் உப்பும் போதும் என்றான்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது,
விமானத்தில்தான்.
நிறுத்துப் பார்த்தேன், துரு போக ஒன்றே கால் கிலோ.
பதினேழாம் பக்கம்:
வெளியேறும் சரக்கு எதுவும் காணப்படவில்லை.
இரு வாரத்துக்கு ஒருமுறை பறந்தால் போதும்.

நல்ல தடிமனான தாள். ஒருபக்க அச்சு.
வீணாக்குவானேன்,
பின்பக்கங்களில் பயணிகள் பட்டியல் எழுதுகிறேன்.

இன்று ஒரே ஒரு ஆள்.
புவெனாவா, நியூசிலாந்துத் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்க.
தராசு அறுபத்தொன்று காட்டியது.
ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.
சரக்கு என்ற இடத்தில் கோடு கிழித்தேன்.

இன்றைக்கு நிறைய இடம் இருக்கே,
என்றார் விமானி.
வேறு ஏதாவது அனுப்புகிறாயா?

ஓடுதளத்தில் ஒரு பன்றி நின்றது.
விரட்டப் போனேன்.