துடைக்கப்பட்டதா? ஆம் / இல்லை

அரை எலுமிச்சை அளவில் ஒரு கண்ணாடிக் கவிகை.
அதற்குள் இன்னொன்று.
அதற்கும் அடியில் கறுப்பு வட்டம்.
வெயில் பட்டால் சூடாகத் தெரியும் அதற்கு,
வேறு வேலை தெரியாது.

தொங்காட்டுக்கு வெளியே, கரும்பு முடிகிற இடத்தில்
கம்பம், வேலி, பூட்டு.
சாவி என்னிடம்.
தினமும் ஏறி மென்துணியால் துடைத்துவிட்டுத்
தாளில் வட்டமிட வேண்டும்:
துடைக்கப்பட்டதா? ஆம் / இல்லை.

ஓராண்டு வெயிலை எண்ணி முடித்ததும்
ஜொகன்னஸ்பர்க்கில் ஒரு மேசையில் முடிவாகும்,
இந்தச் சரிவில் கரும்பா, சோலார் தகடா என்று.

வடக்கே தலைவைக்காதே என்பார்கள் எங்கள் வீட்டில்.
இங்கே சூரியன் வடக்கே நடக்கிறது;
வரப்போகும் தகடெல்லாம் வடக்கே முகம் வைக்கும்.

ஜூலை. விடியலில் தோகையைக் கொளுத்தினார்கள்.
கரி, சுருள் சுருளாக,
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைமேல்,
என் பக்கிமேல், கவிகைமேல்.
பதினெட்டு மாதம் இதே வெயிலைத் தின்றது
எரிந்து பறந்து வந்து
வெயிலுக்கே குறுக்கே உட்கார்ந்திருக்கிறது.

நண்பகலில் மறுபடி ஏறினேன்.
துடைக்குமுன் 561.
துடைத்தபின் 583.
சதுர மீட்டருக்கு இத்தனை வாட்.
நடுவில் இருபத்திரண்டு: இரண்டு பல்பு எரியும்,
கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

வேலிக்கு அப்பால் லுங்கிசிலே,
போண்டோலாந்திலிருந்து வெட்டுக்கு வந்தவன்,
கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்:
ஸிஸி, அது என்ன பார்க்கிறது?
எவ்வளவு வெயில் விழுகிறது என்று.
எதன்மேல்?
ஒரு மேஜை அளவு தரையின்மேல்.
என்மேல்?

கதவைத் திறந்தேன். விதிப்படி தவறு.
அவன் உள்ளங்கையால் கவிகையை மூடினான்.
திரையில் 583, 402, 118, 31, 9.
சூரியனை மறக்க அதற்குப் பதினைந்து நொடி.
அணைத்துவிட்டேன் என்று சிரித்தான்,
கையை எடுத்தான்,
எண் மெல்ல ஏறுவதைக்
கடனைத் திருப்பி வாங்குகிறவன்போலக் கடைசிவரை பார்த்தான்.

அங்கேயே இன்னொரு கவிகை உண்டு, சாய்த்து வைத்தது.
வடக்கு நோக்கி, முப்பது பாகை.
குளிர்கால வெயில் நேராக விழும்படி
பொறியாளர் ஒருவர் கணக்கிட்டது.
அதில் 822.

அவன் வரிசைக்குத் திரும்பினான்.
தெற்கே பார்த்துக் குனிந்தான்.
அவன் முதுகு வடக்கே சாய்ந்தது,
கிட்டத்தட்ட முப்பது பாகை,
யாரும் கணக்கிடாமல்.
கூலி அவனுக்கு டன் கணக்கில்.

போகுமுன் ஒன்று கேட்டிருந்தான்:
எண் கூடினால் நல்லதா?
நல்லது என்றேன்.
யாருக்கு என்று கேட்பான் என நினைத்தேன்.
கேட்கவில்லை. தண்ணீர் கேட்டான்.

மாலையில் டெர்பிளான்ஷ் ஃபோன்.
இரவு நேரத்தில் மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு வருகிறதே,
மிஸ் படையாச்சி, கருவி பழுதா?
பழுதில்லை, சார்.
தெளிந்த இரவில் கண்ணாடி தன் சூட்டை
வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது.
அதைத்தான் காட்டுகிறது.
சரி, சுழியாக்கி அனுப்புங்கள்,
கொடுக்கிற கணக்கு நமக்கு வேண்டாம்.

சுழியாக்கினேன். இரவு ஏழிலிருந்து காலை ஐந்துவரை
சுழி, சுழி, சுழி, பத்து மணி நேரத்துக்கு.

இன்று காலை மறுபடி கரி.
ஏணியில் நிற்கிறேன், துணி பையில்.
துடைக்காமல் விட்டால் எண் கொஞ்சம் குறையும்.
கொஞ்சம்தான்; அதனால் ஒரு வரிசைக் கரும்புகூட மிஞ்சாது.
தெரியும்.
கீழே கத்திகள் தொடங்கிவிட்டன.
பேனா மூடி வாயில் இருக்கிறது.
தாளில் இரண்டு சொற்கள்,
வட்டமிட ஒரே மை.