அளவுப் பிரிவிலிருந்து வந்தவன்

சீருடை வேண்டாம், சாதாரணமாகப் போ
என்றார் மேலதிகாரி.
சட்டையை மாற்றினேன், செருப்பை மாற்றினேன்,
நடையை மாற்ற மறந்துவிட்டேன்.

கெஜெட்டியாவில் இறங்கிய உடனே
தெரிந்துபோயிற்று சந்தைக்கு.
கருவாட்டு வரிசையில் ஒருத்தி இருமினாள்.
பத்துக் கடை தள்ளி இன்னொருத்தி.
அந்த இருமல் எனக்கு முன்னால் நடந்து
வெங்காயம், மிளகாய், துணிக்கட்டு எல்லாம் தாண்டித்
தண்டவாளத்தருகே போய் நின்றுகொண்டது.

ரயில் வந்து பல வருடமான தண்டவாளம்.
இரண்டு கம்பிக்கும் நடுவில்
பழைய செருப்புக் குவியலில் உட்கார்ந்து
இடதுக்கு வலது தேடிக்கொண்டிருந்தான் ஒருவன்.

"அகோ! அகோ!"
வழி கேட்கும் குரல்தான்.
பதிலுக்குக் காத்திருக்கிற குரல் அல்ல.
நான் திரும்புவதற்குள்
ஓர் அலுமினியப் பேசின் காதை உரசிப் போயிற்று.
பேசினில் பன்னிரண்டு பெருவள்ளிக்கிழங்கு,
கிழங்குக்குக் கீழே கழுத்து,
கழுத்துக்குக் கீழே
பதினைந்து வயது இருக்குமோ இருக்காதோ.
என் கைப்புத்தகத்தில்
கழுத்துக்குப் பக்கம் இல்லை.

காராமணி விற்கிற அஃப்ராகோமா
எழுந்திருக்கவில்லை.
"உட்காருங்க, அதிகாரி. வெயில் உங்களையும்தான் சுடும்."

டின்னைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒலோன்கா என்போம்.
எப்போதோ பால்மாவு அடைத்துக் கப்பலில் வந்தது,
இன்று ஊருக்கே அதுதான் அளவு.
அடியில் யாரோ தட்டித் தட்டி
உள்ளே ஒரு கொப்புளம் எழுப்பியிருந்தார்கள்.

"இது என்ன?"
"கீழே விழுந்துடுச்சு."
"எதன் மேல்?"
"சுத்தியல் மேல்" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும் கொஞ்சம்.

பையிலிருந்து அரசாங்கப் படியை எடுத்தேன்,
பித்தளை, முத்திரை குத்தியது.
அவள் அளந்ததை அதில் கவிழ்த்தேன்.
விரற்கடை குறைந்தது.
குறிப்பேட்டைத் திறந்தேன்.

"பொறுங்க, நான் இன்னும் கொடுத்து முடிக்கலையே."
இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.
அப்புறம் ஒரு கை.
அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஒரு சிட்டிகை.
கொசுறு!
காராமணி விளிம்பைத் தொட்டு, தாண்டி,
மூன்று மணி உருண்டு
தண்டவாளத்தில் 'டிங்' என்றது.

"கொசுறு சட்டத்தில் இல்லை."
"உங்க சட்டம் எப்பவாவது
இங்க பருப்பு வாங்க வந்திருக்கா?"

பதில் யோசிக்கும்போது வந்தான் அவன்.
காலில் சிமென்ட் காயாத கட்டட வேலைக்காரன்,
வடக்கத்திக்காரன்,
எங்கள் ட்வி அவன் வாயில் தடுக்கி விழுந்தது.
விரலைக் காட்டி ஒன்று என்றான்.
அவள் அளந்தாள். மட்டம் தட்டினாள்.
பையின் வாயை முடிந்தாள்.
கை மறுபடி குவியலுக்குப் போகவில்லை.

அவன் போனான்.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் ஈ ஓட்டினாள்.
"அவன் கேட்கலையே" என்றாள்,
சற்றுக் கழித்து, யாரும் கேட்காமலே.

எழுதினேன்.
இடுப்புத் துணியின் முடிச்சிலிருந்து
வியர்வையில் நனைந்த செடித் தாள்களை
ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக் கட்டினாள்.
ரசீதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் ஏதும் கூடுதலாக இருக்கிறதா என்று.
டின்னைப் பறிமுதல் செய்தேன்.
நான் திரும்புவதற்குள்
மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள்
இன்னொரு டின்னை.
அதன் அடியை நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்றே அறிக்கையில் இருக்கிறது.

மாலை டுரோடுரோவில்
நால்வர் இருக்கையில் ஐந்தாவதாக
ஒருத்தியைத் திணித்தான் பையன்.
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!"
என்னை அளந்து பார்த்து நகர்ந்துகொண்டேன்.
அவள் பையில் பாதி என் மடிக்கு வந்தது.
காராமணி. விரல்களுக்குத் தெரிந்தது.
"எவ்வளவு?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒரு ஒலோன்கா" என்றாள்,
சந்தேகமே இல்லாமல்.

டாஃபோ வரை
அதை மடியில் வைத்திருந்தேன்.