ஏழாம் மைல் ஓடையில் எண்ணிக்கை

இறந்ததை மட்டுமே எண்ண வேண்டும்
என்பது விதி.
எண்ணியதும் வாலை வெட்டிவிட வேண்டும்,
அடுத்த வாரம் வருகிறவர்கள்
அதையே மறுபடி எண்ணாதிருக்க.
வெட்டுக்கத்தி வெர்னாவிடம்.
பென்சில் என்னிடம்.
மழைக்கு நனையாத தாள் என்று கொடுத்திருக்கிறார்கள்.
தாள் நனையவில்லைதான்.

நூற்றுப் பதினொன்று. ஆண்.
கொக்கியாய் வளைந்த தாடை,
பச்சைத் தலை, சிவப்பு வெளுத்த உடல்.
கண்ணைக் காகம் கொண்டுபோயிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு. பெண்.
வயிற்றைக் கீறிப் பார்த்தாள் வெர்னா.
காலி.
ஒரே ஒரு முட்டை விலா ஓரம் ஒட்டியிருந்தது,
உரித்த ஆரஞ்சுச் சுளையின் ஒற்றை முத்துப்போல.
இரைப்பை சுருங்கிச் சுருங்கி
ஒரு நூல்.
ஆற்று வாயில் நுழைந்த நாளோடு
சாப்பாட்டை நிறுத்தியவள்.
முந்நூறு மைல் எதிர்நீச்சல்,
தன் தசையையே தின்றுகொண்டு.

தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுப்பது என் வேலை.
அரிசிக் குருணை அளவு.
தேய்த்து மெலிதாக்கி விளக்கின்மேல் வைத்தால்
வளையங்கள் தெரியும்:
ஏரியில் கழித்த பனிக்காலம் நெருக்கியடித்து,
கடலில் போன கோடைகள் தாராளமாக.
நட்ட நடுவில், புள்ளியளவு இடத்தில்,
கடலையே பாராத நாளிலும்
ஒரு கடல் இருக்கும்.
அது அம்மா தின்ற கடல்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது
வெர்னா தன் வண்டியின் கியர்பெட்டியைப் பற்றிச் சொன்னாள்.
ஸ்மிதர்ஸில் ஒருவன்
ஆயிரத்து எண்ணூறு டாலர் கேட்கிறானாம்.
"வண்டியே அவ்வளவு பெறாது."

பிறகு குனிந்து நூற்றுப் பதின்மூன்றின் வாலைப் பிடித்தாள்.
கத்தி உயர்ந்தது.

செவுள் திறந்தது.
மூடியது.

கையை விட்டாள்.

அது மெதுவாக நழுவி,
சரளைக்கல் மேட்டின் தலைமாட்டில் போய் நின்றது.
எலும்பு தெரியத் தேய்ந்த வால்.
முதுகில் பூசணம், நனைந்த பஞ்சு.
ஒருக்களித்துப் படுத்து
கல்லை ஒருமுறை அடித்தது. இன்னொரு முறை.
மூடியதையே மூடுகிற அடி.
கல் நகரவில்லை.

மரக்கட்டையில் உட்கார்ந்தோம்.
படிவத்தில் இரண்டே கட்டம்: ஆண், பெண்.
"இன்னும் இல்லை" என்று ஒன்று கிடையாது.
வெர்னா ரொட்டியைப் பிய்த்துப் பாதி தந்தாள்.
காத்திருந்தோம், மருத்துவமனை வராந்தாவில் இருப்பதுபோல,
மீனைப் பார்க்காமல்
பார்த்துக்கொண்டு.
மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

அக்கரையில் தேவதாருக் கிளை ஆடியது.
கரடி எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.
முழங்காலளவு தண்ணீரில் நாலே எட்டு.
கவ்வித் தூக்கியபோது
வால் ஒருதரம் அசைந்தது.
கரடி நடந்ததாலா, தானாகவா,
என்னால் சொல்ல முடியாது.
மரங்களுக்குள் போய்விட்டது,
வெட்டாத வாலோடு.

"எழுது," என்றாள் வெர்னா.
"எதில்?"
அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.
அந்த மரங்களைப் பார்த்து,
"அவையும் மீன் தின்று வளர்ந்தவைதான்," என்றாள்,
அவ்வளவு பெரியவை அவை.

கூட்டல்: நூற்றுப் பன்னிரண்டு.
கையெழுத்திட்டேன்.
சரளைக்கு அடியில் ஆயிரக்கணக்கில்
கண் வைக்கக் காத்திருப்பவற்றுக்கு
படிவமே அச்சிடவில்லை.

சாலை வளைவு திரும்பும் முன்பே
வண்டிக்குள்ளிருந்து வெர்னாவின் நாய் குரைத்தது.
இருட்டு. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து.
வேறெப்படித் தெரிந்திருக்கும் அதற்கு,
எங்கள் மேலெல்லாம்
அந்த ஓடை நாறாமல்.